வேட்டியைத் தின்ற பனிச்சங்கிலி

உலகத்தில் அதிக விபத்துகளுக்குக் காரணமான வாக்கியம் எது என்று என்னைக் கேட்டால், "அதை நானே பார்த்துக்கிறேன்" என்பதுதான் என்பேன். அதை ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் சொன்னவன் நான். அதனால் வந்த வினையை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். எப்படியும் ஸ்டுட்கார்ட்டில் பாதித் தமிழர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

எனக்கு வேலை ஜெர்மனியில், எர்லாங்கன் என்ற ஊரில். வீடு, அங்கிருந்து தள்ளி ஒரு மலைக் கிராமத்தில். (எர்லாங்கனில் வீடு தேடிப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.) செங்குத்தான ஒரு சந்தின் உச்சியில், ஹெர் (அதாவது திரு.) ஃபோகல் என்ற ஓய்வுபெற்ற மனிதரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பனி விழுந்தால் சந்தைச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. அதற்கென்றே ஒரு குவாட் வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி, நான்கு தடித்த சக்கரங்களோடு ஒரு வண்டி. முன்னால் பனியைத் தள்ளும் தகடு. அந்தக் குளிர்காலத்தில் அவர் காலை உடைத்துக்கொண்டார். பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் பனிச்சங்கிலியும் துருவேறி அறுந்துபோயிருந்தது.

"கவலைப்படாதீங்க, நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். புதுசு வாங்கி மாட்டறதை நானே பார்த்துக்கிறேன்" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். (இன்ஜினியர் என்பது உண்மை. அலுவலகத்தில் நான் கைவைக்கும் ஒரே இயந்திரம் காபி மெஷின் என்பதும் உண்மை.)

அதே வாரம் தர்ஷினி போன் செய்தாள். ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். இரண்டு வருடக் காதலை அப்போதுதான் வீட்டில் சொல்லியிருந்தாள்.

"அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமை உங்களைப் பார்க்க வருகினம். பிடிக்காட்டி அதோட கதை முடிஞ்சுது எண்டு அம்மா சொல்லிப்போட்டா. ஸ்னோ கொட்டப்போகுதாம். உங்கட ரோட்டில கார் ஏறுமோ?"

"ரோட்டை நானே பார்த்துக்கிறேன்."

"வேட்டி கட்டுங்கோ, அப்பாவுக்குப் பிடிக்கும்."

விவசாயக் கருவிகள் விற்கும் கடைக்குப் போனேன். ஏணி மாதிரிப் பின்னிய சங்கிலி வேண்டுமா, வைர வடிவில் பின்னியதா என்று கேட்டார் தாடிக்காரக் கடைக்காரர். வைரம் என்ற சொல்லே எனக்குப் பிடித்துப்போனது. டயர் அளவு கேட்டார். முன்டயரில் இருந்த எண்ணைப் படம்பிடித்து வந்திருந்த நான், பெருமையாகப் போனை நீட்டினேன்.

"எந்தச் சக்கரத்தில் மாட்டப் போகிறீர்கள்?"

"பின்னால்."

"பின்டயரும் இதே அளவுதானா?"

"டயர்னா டயர்தானே!" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வட்டாரத்துப் பிராங்கோனியப் பேச்சுவழக்கில், ஒவ்வொரு விரலாக நீட்டி, மூன்று விஷயங்கள் சொன்னார். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. மூன்றுக்கும் "கெனவ், கெனவ்" (அதேதான், அதேதான்) என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை சந்தே காணாமல் போயிருந்தது. அவ்வளவு பனி. குவாட்டின் பின்டயர் முன்டயரைவிட அகலம் என்பது, பார்வை மங்கியவருக்கும் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். எனக்கோ, சங்கிலியைச் சுற்றிப் போட்ட பிறகு அதன் இரண்டு முனைகளும் ஒரு சாண் தள்ளி நின்று ஒன்றையொன்று முறைத்தபோதுதான் தெரிந்தது.

விடுவேனா? டயரில் காற்றை இறக்கினேன். முனைகள் நெருங்கி வந்தன. மிச்ச இடைவெளியைப் பிளாஸ்டிக் பட்டைகளால் இழுத்துக் கட்டினேன். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். இரண்டு டயருக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். அடித்த காற்றில் முக்கால்வாசி என் வாய் வழியாகத்தான் போனது. ஹெர் ஃபோகல் ஜன்னலைத் திறந்து, ஊன்றுகோலை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அப்போது தர்ஷினியிடமிருந்து செய்தி. இன்னும் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். ஓடிப்போய்த் தெர்மல் காற்சட்டைக்கு மேல் பட்டுக்கரை வேட்டி, அதற்கு மேல் ஸ்கை ஜாக்கெட், நெற்றியில் திருநீறு என்று தயாராகி, குவாட்டில் ஏறிச் சந்தில் இறங்கினேன்.

முதல் ஐம்பது மீட்டர் என் வாழ்வின் பொற்காலம். பனி இரண்டு பக்கமும் சீறிப் பறந்தது. நான் உரக்கப் பாடினேன் என்று நினைக்கிறேன். அப்புறம் பின்னாலிருந்து "டக், டக், டக்" என்று ஒரு தாளம். என் பாட்டுக்குப் பொருத்தமாகவே இருந்ததால் விட்டுவிட்டேன். அடுத்து "படார்!"

வலது பின்சங்கிலி கழன்று அச்சில் சுற்றிக்கொண்டது. போகிற போக்கில் என் வேட்டியின் நுனியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இஞ்சினை அணைத்துவிட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வேட்டியை அவிழ்த்தால் விடுதலை. ஆனால் முழங்காலில் ஓட்டை விழுந்த தெர்மலோடு வருங்கால மாமியாரை வரவேற்க வேண்டும். இந்த ஆராய்ச்சியில் நான் இருந்தபோது, சந்து முனையில், எனக்குப் பத்தடி கீழே கார் வந்து நின்றது.

முதலில் தர்ஷினி. அடுத்து, பேச்சையே சேமிப்பில் போட்டுவைத்தவர் மாதிரி அவள் அப்பா. கடைசியில் ஊதாக் காஞ்சிபுரத்தில் அவள் அம்மா.

"வணக்கம் ஆன்ட்டி, வாங்க!" என்று உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

"எழும்ப மாட்டியளோ?"

"முடியலைங்க ஆன்ட்டி. வேட்டி..."

அவர் குனிந்து அச்சைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு காரின் பின்பக்கத்தைத் திறந்து, முழங்கால்வரை வரும் ரப்பர் சப்பாத்தையும் தடித்த கையுறையையும் மாட்டிக்கொண்டார். அம்மாவுக்கு நகரசபையில் வேலை என்று தர்ஷினி சொல்லியிருந்தாள். நான் ஃபைலும் முத்திரையுமாகக் கற்பனை செய்திருந்தேன். அவர் பனி அகற்றும் லாரியின் ஓட்டுநர் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"தர்ஷி, முதலுதவிப் பெட்டியில கத்தரிக்கோல் கிடக்கு, எடு. தம்பி, வெட்டவே?"

"வெட்டுங்க ஆன்ட்டி."

வேட்டி போனது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பனியில் மண்டியிட்டு, அச்சிலிருந்து சங்கிலியைப் பிரித்தபடியே பேசினார். "உது முன்டயருக்கு அளவான சங்கிலி. கொளுக்கியள் வெளிப்பக்கம் பாக்க வேணும், நீங்கள் டயருக்கு குத்த விட்டிருக்கிறியள். கொஞ்சத் தூரம் ஓடினவுடன நிப்பாட்டி ஒருக்கா இறுக்க வேணும். கடைக்காரன் சொல்லேல்லையோ?"

மூன்று விரல்கள் என் கண்முன் வந்து நின்றன.

"சொன்னாருங்க."

"பிறகென்ன?"

"புரியலை. புரிஞ்ச மாதிரி 'கெனவ்'னு சொல்லிட்டேன்."

கையிலிருந்த சங்கிலியைப் பனி போக உதறினார். பிறகு கேட்டார். "தம்பி என்ன படிச்சனீங்கள்?"

"மெக்கானிக்கல் இன்ஜினியரிங்" என்றேன். என் தொண்டையில் அவ்வளவு சின்னக் குரல் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. அங்கிள் இருமினார். தர்ஷினி கார் கதவில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். என் கதை முடிந்தது என்று அழுகிறாள் போல, பாவம் என்று நினைத்தேன். (சிரித்திருக்கிறாள்.)

பதினைந்தே நிமிடம். இரண்டு சங்கிலியும் முன்டயரில் கச்சிதமாக உட்கார்ந்தன. பிரேக் குழாயில் உரசுகிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார். பின்டயர்களைத் தன் கையடக்க மின்பம்பால் சரிசெய்தார். அப்புறம் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காஞ்சிபுரம் சரசரக்கக் குவாட்டில் ஏறி, கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி இறுக்கி, சந்து முழுவதும் பனியைத் தள்ளி முடித்தார். மேலே ஹெர் ஃபோகல் ஊன்றுகோலைப் போட்டுவிட்டுக் கைதட்டினார். பாதி வேட்டியோடு, ஊர்வலத்தின் கடைசி ஆளாக நான் நடந்தேன்.

மேலே தேநீர் கொடுத்தேன். ஆன்ட்டி ஒரு மிடறு குடித்துவிட்டு, தர்ஷினியைப் பார்த்துச் சொன்னார். "கேட்டவுடன பிழையை ஒத்துக்கொண்ட ஆம்பிளையை இப்பதான் காணுறன். எனக்கு ஓம்." (யாழ்ப்பாணத் தமிழில் 'ஓம்' என்றால் 'சரி'.) அங்கிள் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்தார். "எனக்கும் ஓம். ஆனா என்ர காரைத் தொட விடாதேங்கோ."

கல்யாணம் ஆகி ஆறு வருடமாகிறது. ஸ்டுட்கார்ட் பக்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் என் பெயர் "சங்கிலி மாப்பிள்ளை". கதை தெரியாதவர்கள் அதை வேறு மாதிரி விளங்கிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், புதிதாக அறிமுகமான அக்கா ஒருவர் என்னை மரியாதையோடு பார்த்துவிட்டு என் மாமியிடம் (அதே ஆன்ட்டிதான்) கேட்டார்.

"மருமகன் போட்ட சங்கிலி எத்தினை பவுண்?"

மாமி வாயிலிருந்த ரோல்ஸ் பலகாரத்தை நிதானமாக மென்று விழுங்கினார்.

"பவுண் கணக்கில்லை அக்கா. பன்னிரண்டு கிலோ."