கண்ணியம் காக்கும் கறுப்புப் பட்டை

நடுநிலை என்னும் அரிய உயிரினம் உலகில் வேறெங்கும் அழிந்துபோயிருந்தாலும், அந்த நாளிதழின் ஆசிரியர் அறையில் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்துவந்தது. பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட்காரருக்கு அதைத் தினமும் தரிசிக்கும் பாக்கியம் கிடைத்திருந்தது.

ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் காதலிப்பது குற்றமல்ல என்று சொல்லி, நகரில் அன்றுதான் முதல் ஊர்வலம் நடந்தது. நிருபர் ஓடியாடி மனநல மருத்துவர், காவல்துறை அதிகாரி, ஓய்வுபெற்ற நீதிபதி ஆகியோரின் பொன்மொழிகளை அள்ளிவந்தார்.

"ஊர்வலத்துல போனவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் லேஅவுட்காரர்.

"அவங்க ஒரு தரப்பு சார். அவங்களைக் கேட்டா நடுநிலை என்னத்துக்கு ஆகும்?"

ஊர்வலப் படத்தின் முன்வரிசையில், காதலியின் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் லேஅவுட்காரரின் தங்கை. காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள்: "அண்ணா, என் மூஞ்சி தெளிவா வரணும். ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போச்சு."

ஆசிரியரோ கருணைக் கடல். "எல்லார் கண்ணுலயும் கறுப்புப் பட்டை போட்டுடுங்க. பாவம், குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அவங்க யாரும் கேக்கலையே சார்..."

"வெட்கப்பட வேண்டியவங்க வந்து கேக்கட்டும்னு காத்திருக்கக் கூடாதுய்யா. நாமளே போட்டுடணும். அதுதான் பத்திரிகை தர்மம்!"

லேஅவுட்காரர் பட்டையைப் போட்டார். சங்கிலித் திருடனுக்கும் போலி மருத்துவருக்கும் நடுவே, மிகுந்த 'கண்ணியத்தோடு' படம் வெளியானது. திருடனுக்குப் பட்டை இல்லை.

தங்கை அழைத்தாள். "திருடன் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு. நான் என்னண்ணா திருடினேன்?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அழைத்தபோதெல்லாம் அவள் எடுக்கவே இல்லை.

அடுத்த மாதம், கண்ணியமான செய்திக்கான விருது அந்த நாளிதழுக்கே கிடைத்தது. கிடைக்காமல் எங்கே போகும்? கோப்பையைக் கட்டிக்கொண்டு ஆசிரியரும், பக்கத்தில் நிருபரும், ஓரத்தில் லேஅவுட்காரரும் நின்ற படம் முதல் பக்கத்தை அலங்கரித்தது.

விடிந்ததும் ஆசிரியர் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "யோவ்! எங்க கண்ணுல எதுக்குய்யா கறுப்புப் பட்டை?"

லேஅவுட்காரர் பணிவாக எழுந்து நின்றார்.

"வெட்கப்பட வேண்டியவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? என்னையும் விடல, பாருங்க. நடுநிலை முக்கியமில்லையா?"