பத்துக் கட்டக் கல்யாணம்

நாட்டைக் காப்பது ராணுவம் என்று நினைப்பவர்கள் பொலிவியாவின் வில்யா செரேனா ஊரின் திருமணப் பதிவு அலுவலகத்தைப் பார்த்ததில்லை. நாட்டைக் காப்பது சிக்கனம். அந்தச் சிக்கனத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர் பதிவாளர் கிரோவர். ஊரே அவரை 'லிசென்சியாதோ' என்றுதான் அழைக்கும். பட்டதாரி என்று பொருள். பட்டத்தை யாரும் பார்த்ததில்லை.

காகிதப் படிவங்களை ஒழித்துக் கணினியில் நிரப்பும் படிவம் கொண்டுவரும்படி தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. பணம் வரவில்லை. உடனே 'மலிவு மென்பொருள் தேடல் குழு' பிறந்தது. அலுவலகத்தில் பத்துப் பேர். குழுவிலும் அதே பத்துப் பேர். நான்கு மாதம், பதினெட்டு அமர்வுகள். ஒவ்வொன்றும் காலை பத்து மணிக்குச் சாறு ஒழுகும் இறைச்சிப் பணியாரமான சால்தேன்யாக்களோடு தொடங்கி, கடைசி சால்தேன்யாவோடு முடிந்தது. முதல் மென்பொருள் மாதச் சந்தா கேட்டது, நிராகரித்தார்கள். இரண்டாவது ஆண்டுச் சந்தா கேட்டது, வன்மையாக நிராகரித்தார்கள். மூன்றாவது இலவசம். குழு எழுந்து நின்று, விரலைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது.

ஒரே ஒரு நிபந்தனை. இலவசப் படிவத்தில் பத்துக் கட்டங்களுக்கு மேல் போட முடியாது. பழைய படிவத்தில் நாற்பத்து மூன்று. பத்துப் பேர், பத்துக் கட்டம். இதில் ஆண்டவனின் கையைக் கண்ட பதிவாளர், ஆளுக்கொன்றாக 'ஜனநாயக முறையில்' பங்கிட்டார். ஆவணக்காரர் கோப்பின் நிறத்தைக் கேட்டார். முத்திரைக்காரர் முத்திரையின் எண்ணை. வாசல் காவலர், வந்த நேரத்தை. பதிவாளர் பெருந்தன்மையோடு விண்ணப்பதாரரின் பெயரை ஏற்றுக்கொண்டார்.

இந்தப் புரட்சியின் முதல் பயனாளி மினிபஸ் ஓட்டும் லிம்பர்ட். அவன் அவசரம் வேறு. அவன் மணக்கவிருந்த சுல்மாவுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருமணச் சான்றிதழ் கொடுத்தால் கணவன் இருக்கும் ஊரிலேயே பள்ளி. இல்லையென்றால் திங்கட்கிழமை பொத்தோசி மேட்டில், பதினாலு மணி நேரப் பயணத்தில், லாமா ஆட்டு மந்தைகளுக்கு நடுவே ஒரு பள்ளி.

கணினியில் நிரப்பி, அச்சடித்து, விதிப்படி மஞ்சள் கோப்பில் வைத்து இருவரும் நீட்டினார்கள்.

"லிசென்சியாதோ, இதுல என் பேரு எங்க வருது?" என்றாள் சுல்மா.

"நீங்க விண்ணப்பதாரர் இல்லியேம்மா."

"நான் கல்யாணப் பொண்ணு."

"அதத்தான் சொல்றேன்."

லிம்பர்ட் குனிந்து படிவத்தைப் பார்த்தான். "கோப்பு என்ன கலர்னு கேக்கறீங்க. எவளக் கட்டிக்கிறேன்னு கேக்கவேயில்லியே?"

"கோப்பு மஞ்சளா இல்லேன்னா தணிக்கையில நான் மாட்டிக்குவேன் தம்பி. பொண்டாட்டி மாறிட்டா அது உங்க வீட்டு விவகாரம்."

"நான் வந்த நேரம் எதுக்கு? அத எடுத்துட்டு இவ பேரப் போடுங்க."

வாசலில் சாய்ந்திருந்த காவலர் நிமிர்ந்தார். "என் கட்டத்துல கை வச்சா சங்கத்துக்குப் போவேன்."

"சரி, அச்சடிச்சதுக்குக் கீழ பேனாவால எழுதிடுங்களேன்," என்றாள் சுல்மா.

பதிவாளர் முகத்தில் வேதனை படர்ந்தது. "பேனாவா? அப்புறம் இது எப்படிம்மா டிஜிட்டல்?"

வாசலில் கோப்பு விற்கும் தோன்யா பசிலியா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "பதினோராவது கட்டத்துக்கு என்ன கேக்கறான் அந்தக் கம்பெனிக்காரன்?"

"மாசம் எழுபது பொலிவியானோ."

"உங்க ஒரு நாள் சால்தேன்யாவுக்கே அது பத்தாதே."

லிம்பர்ட் அன்றைய ஓட்டக் காசை மேசையில் வைத்தான். "இந்தாங்க, நானே கட்டறேன்."

பதிவாளர் நாற்காலியோடு பின்வாங்கினார். "பொதுமக்கள்கிட்ட காசா? இதுக்குப் பேரு லஞ்சம். அதுக்கெல்லாம் வேற இடம், வேற நேரம் இருக்கு."

வெள்ளிக்கிழமை சான்றிதழ் வந்தது. லிம்பர்ட் திருமணமானவன், கோப்பு மஞ்சள், வந்த நேரம் ஒன்பது நாற்பது. மூன்று முத்திரைகள் பளபளத்தன. கல்வி அலுவலகத்தில் ஓர் அம்மாள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இவரு கல்யாணமானவருதான், சந்தேகமேயில்ல," என்றாள். "நீங்க யாரு?"

அதே வாரம் பதிவு அலுவலகத்துக்குத் தலைநகரிலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. பத்துப் பேரின் பெயரும், விருந்துக்கு அழைப்பதற்காக அவர்களுடைய மனைவிமாரின் பெயரும் அதில் பிழையின்றி அச்சாகியிருந்தன. கீழே பெரிய எழுத்தில்: 'மிச்சப்படுத்தியது, மாதம் எழுபது பொலிவியானோ.'

லிம்பர்ட்டுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவர்கள் மிச்சப்படுத்தியதை அவன் ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் நேரிலேயே பார்த்தான். பொத்தோசி பேருந்தின் நான்காவது வரிசையில், ஜன்னலோரம், மடியில் கம்பளியோடு உட்கார்ந்து அவனுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தது.