மேல் வீட்டு ஆகாயம்

கிட்டு தீட்டிய வானம் மறுபடியும் சேறாகிப் போயிருந்தது.

நீலம் தூக்கலாக இருக்கிறதென்று தண்ணீர் விட்டார். அது ஓடிப்போய், படத்திலிருந்த செம்பூர் ஸ்டேஷன் கூரையில் ஏறிக்கொண்டது. துணியால் ஒற்றினார், ஒற்றிய இடம் வெளுத்தது. வெளுப்பை மறைக்கக் கொஞ்சம் காவி வைத்தார்.

"ஏன்னா, இது மேகமா எருமையா?" என்றாள் மனைவி சுப்புலக்ஷ்மி, காப்பியை வைத்தபடி.

"நீ உள்ள போ."

ஆபீசில் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்த்தே காலம் தள்ளிய மனிதர். தன் கையால் ஒன்றே ஒன்று உருப்படியாக வந்துவிடாதா என்று ஏக்கம். வாட்டர்கலர் வகுப்பு நடத்தப்போகும் கண்காட்சிக்கு அவர் படம் மட்டும்தான் இன்னும் தேறவில்லை.

ஆத்திரத்தில் ஒரு குவளைத் தண்ணீரையும் மிச்சமிருந்த நீலத்தையும் வானத்தின் மேல் கொட்டிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தால், தாளில் மழைக்கு முந்திய வானம் நின்றது. கருநீலம் மெல்ல மெல்லக் கரைந்து, கூரைக்கு மேலே வெளிச்சமாக முடிந்திருந்தது. கிட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சுப்புலக்ஷ்மியே அசந்துபோய்ப் போட்டோ எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டாள். ஆசிரியர் நகுலிடமிருந்து உடனே பதில்: "பிரமாதம் சார். இதே மாதிரி இன்னொண்ணு கொடுங்க. ஜோடியா மாட்டலாம்."

பூரித்துப்போய் நிமிர்ந்த கிட்டுவின் கண்ணில் சீலிங் பட்டது. மேஜைக்கு நேர் மேலே, மேல் வீட்டு பாத்ரூம் குழாய் கசிந்து படிந்த கறை.

"சுப்பு, இதை நான் போடலை. லீக்கேஜ் போட்டிருக்கு."

அந்தக் கறைக்காகப் புகார் கொடுத்ததிலிருந்து மேல் வீட்டு இனாயத்துல்லாவோடு பேச்சுவார்த்தையே கிடையாது. அந்த வீட்டுத் தண்ணீரா தனக்குப் பாராட்டு வாங்கித் தரவேண்டும்?

புதுத் தாளைக் கறைக்கு நேர் கீழே விரித்துக் காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. ஒட்டடைக்கம்பால் சீலிங்கைத் தட்டினார். சுண்ணாம்பு பெயர்ந்து காப்பியில் விழுந்தது. பிளம்பர் வந்து அடைத்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரியிடம் ஓடிப் புகாரை வாபஸ் வாங்கினார்.

"எந்தப் புகார் சார்?" என்றார் செக்ரட்டரி.

இப்படியொரு பொறுப்பில்லாத செக்ரட்டரி கிடைத்தது பாக்கியம் என்று கிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடைசியில் வெட்கத்தை விட்டு மேலே ஏறினார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் நெல்லைக்காரர் இனாயத்துல்லா. கதவைத் திறந்ததும் அவர் முகம் மாறியது.

"இப்ப என்ன புகாரு சார்?"

"புகார் இல்லை. நீங்க கொஞ்சம் நன்னாத் தண்ணி விட்டுக் குளிக்கணும்."

"காலையிலேயே குளிச்சிட்டனே சார்."

"இன்னொரு தரம் குளிக்கப்படாதா? சும்மா ரெண்டு பக்கெட் கொட்டினாலும் போறும்."

இனாயத்துல்லா விழித்த விழியில் கிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போனில் படத்தையும் காட்டினார்.

"அந்த வானம் உங்காத்து பாத்ரூம் போட்டது. எனக்கு அது வராது. படத்தைக் கண்காட்சிக்குக் குடுக்காமலே இருந்துடலாமான்னுகூடத் தோணறது."

இனாயத்துல்லாவின் மனைவி சபுரா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார் சொல்லுதீய, அந்தக் குழாயப் போன நோம்புக்கு முந்தியே மாத்தியாச்சு, அதுக்குப் பொறவு எங்க வீட்டுத் தண்ணி ஒரு சொட்டுகூட கீழ எறங்கலையே."