மூன்று குமிழும் பன்னிரண்டு குமிழும்

இந்தப் பெட்டி விஷயத்தில் மட்டும் மனைவியின் பேச்சைக் கேட்பதில்லை என்று லிஃப்ட்காரர் தீர்மானம் செய்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த தீர்மானங்களில் இதுதான் பெரியது. செய்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை.

லிஃப்டுகளைச் சோதிப்பது அவர் வேலை. அதில் குழப்பத்துக்கு இடமில்லை. லிஃப்ட் மேலே போகும், கீழே வரும், அல்லது நடுவில் நிற்கும். எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தத் திறமையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். ஒரு சட்டை எடுப்பதென்றாலும் அவருக்கும் சட்டைக்கும் நடுவில் மனைவி நின்றாக வேண்டும்.

அவரிடம் ஒரு எலெக்ட்ரிக் கிடார் இருந்தது. அதன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க, முழங்கால் உயரத்தில் ஒரு ஆம்ப். இரண்டையும் இணைக்க ஒரு வயர். அவ்வளவுதான் சாமான். ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்துனன் வீட்டு மொட்டைமாடியில் நான்கு பேர் கூடி வாசிப்பார்கள். வருகிற சனிக்கிழமை குடியிருப்போர் சங்கத்து ஹாலில், முதல்முறையாக வெளியாட்கள் முன்னால் வாசிப்பதாக ஏற்பாடு. அதில் ஒரு பாட்டின் நடுவே மற்ற மூவரும் அடங்கிக்கொள்ள, லிஃப்ட்காரர் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தை நினைத்துக்கொண்டுதான் அவர் வாரம் முழுக்க லிஃப்டுகளைப் பொறுத்துக்கொண்டார்.

அதில்தான் மைத்துனன் கைவைத்தான். அவன்தான் டிரம்ஸ், ஆகவே தலைவனும் அவன்தான்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சத்தம் காஞ்சுபோய் இருக்கு."

"காஞ்சுபோயா?"

"ஈரமே இல்ல. தகர ஷட்டரைத் தட்டின மாதிரி இருக்கு. ஒரு டிலே பெடல் வாங்கிப் போடுங்க. இல்லன்னா அந்த இடத்தைக் கீபோர்டுக்குக் குடுத்துடறேன்."

கீபோர்டு வாசிப்பவர் பல் டாக்டர். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

டிலே பெடல் என்பது காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி. வாசித்த ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து எதிரொலி போலத் திருப்பிவிடும். லிஃப்ட்காரர் விசாரித்தார். விசாரிக்காமலே இருந்திருக்கலாம். பழைய முறைப் பெட்டியில்தான் கதகதப்பு இருக்கிறது என்றார் ஒருவர். அது கதகதப்பு இல்லை, அழுக்கு என்றார் இன்னொருவர். வீடியோவில் ஒரு தாடிக்காரர் வாங்கவே கூடாது என்று எச்சரித்த பெட்டியை, அடுத்த வீடியோவில் வேறொரு தாடிக்காரர் மடியில் வைத்துக் கொஞ்சினார். இரண்டு பேரும் ஒரே ஆள்தானோ என்று லிஃப்ட்காரருக்குக் கடைசிவரை சந்தேகம்.

இசைக்கருவிக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் திருகுவதற்கு மூன்று குமிழ், மற்றதில் பன்னிரண்டு.

"உங்க சாமானுக்கு மூணு குமிழே போதும் சார். எவ்வளவு நேரம் கழிச்சு, எத்தனை தடவை, எவ்வளவு சத்தமா. முடிஞ்சுது."

"அப்ப பன்னிரண்டு குமிழ் வச்சது?"

"அதுல மிச்சம் ஒன்பது இருக்கு."

"அதெல்லாம் எதுக்கு?"

"தெரிஞ்சவங்க யாரும் இன்னும் கடைக்கு வரல சார்." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன். நல்ல டிலே காதுல விழவே விழாது. இருக்கறது தெரியக்கூடாது. எடுத்தாத்தான் தெரியணும்."

இருக்கும்போது தெரியாததை எடுக்கும்போது மட்டும் எப்படித் தெரிந்துகொள்வது என்று யோசித்துக்கொண்டே, இரண்டையும் வாசித்துப் பார்ப்பதற்காக வாங்கிவந்தார். மனசு பன்னிரண்டில் போய் உட்கார்ந்துவிட்டது. தெரியாத ஒன்பது குமிழ் ஒரு மனிதனுக்குத் தரும் மரியாதையை மூன்று குமிழ் தராது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"டிலே. சத்தத்தைத் தாமதமா அனுப்பும்."

"தாமதத்துக்குன்னு தனியா ஒரு மெஷினா? அதான் வீட்டுலயே ஒருத்தர் இருக்கீங்களே."

அவர் கோபப்படவில்லை. அவரிடம் திட்டம் இருந்தது. மனைவியின் பேச்சைக் கேட்காமலிருக்க ஒரே வழி, தான் நினைப்பதை அவள் வாயால் சொல்லவைப்பது. மூன்று குமிழ்ப் பெட்டியில் எல்லாவற்றையும் கடைசிவரை முறுக்கினார். ஒரு தட்டுத் தட்டினால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து புரண்டது. பன்னிரண்டை மட்டும் இதமாக வைத்தார்.

"நீயே கேட்டுச் சொல்லும்மா. எது நல்லா இருக்கோ அதை வச்சுப்போம்."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பெட்டிகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"வாசிக்கப் போறது யாரு?"

"நான்தான்."

"அப்ப கேட்டுச் சொல்ல வேண்டியதும் நீங்கதான். சுவர் பக்கமாத் திரும்பி உக்காருங்க. நான் மாத்தி மாத்திப் போடறேன். நாள் பூரா இதைத்தானே செய்யறேன்."

"இல்லம்மா, நீ வந்து..."

"திரும்புங்க."

திரும்பினார். பின்னால் குமிழ்கள் திருகப்படும் சத்தம் கேட்டது.

"எல்லாத்தையும் பாதியில வச்சிருக்கேன். ரெண்டுக்கும் ஒரே நியாயம். வாசிங்க. இது ஒண்ணு."

வாசித்தார். டக்கென்று ஒரு மிதி.

"இது ரெண்டு. எது தெளிவா இருக்கு?"

"ரெண்டு. இல்ல, இரு. ஒண்ணு."

"மறுபடி ஒண்ணு. இது ரெண்டு."

"இப்ப ரெண்டு. போன ரெண்டேவா இது?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது. வாசிங்க."

சுவரில் ஒரு ஆணி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகத் தெரிந்தது. ஒன்றில் கதகதப்பு இருப்பதாகத் தோன்றியதும் அது இன்னொன்றுக்குத் தாவிவிட்டது. இரண்டு தாடிக்காரர்களும் காதுக்குள் சண்டை போட்டார்கள். கை என்ன செய்கிறது என்ற நினைப்பே இல்லாமல் அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இது கடைசி."

லிஃப்ட்காரர் கண்ணை மூடினார். உடம்பு சிலிர்த்தது.

"இதுதான்! ஆகா, என்ன ஆழம்! இருக்கறதே தெரியல. கடைக்காரர் சொன்னது இதைத்தான். இதை மாத்தாதே!"

திரும்பினார். கிடாரிலிருந்து வயர் நேரே ஆம்புக்குப் போனது. இரண்டு பெட்டிகளும் சாப்பாட்டு மேஜைமேல் பேசாமல் இருந்தன.

"பெட்டியே இல்லையே," என்றார்.

"இல்ல."

"ஆனா ஆழம் கேட்டுதே."

"எங்க கடையிலயும் சில பேருக்கு வெறும் கண்ணாடியைப் போட்டுக் காட்டுவோம். பிரமாதமா தெரியுதும்பாங்க." அவள் பெட்டிகளைத் துடைத்து வைத்தாள். "அப்ப எந்தப் பெட்டியும் வேண்டாம்ங்கறது உங்க முடிவு?"

"என் முடிவா?"

"நீங்கதானே சொன்னீங்க, இதுதான், மாத்தாதேன்னு."

யோசித்துப் பார்த்தார். அறையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. அதை எடுத்தவர் அவர்தான் போலிருந்தது. எப்படி என்று விளங்கவில்லை, ஆனால் முதுகு நிமிர்ந்தது.

"என் முடிவுதான்."

"கடை என் வழியிலதான் இருக்கு. நானே திருப்பிக் குடுத்துடறேன்."

அவர் உடனே மைத்துனனுக்குப் போன் செய்தார். "மாப்ள, பெட்டி எனக்குச் சரிப்படாது. ஈரம் விரல்லயே இருக்கு. சோதிச்சுப் பாத்துட்டேன்."

மைத்துனன் வேறு வழி பார்த்தான். "அக்காகிட்ட குடுங்க அத்தான்."

அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். திரும்பி வந்து, "ஒத்துக்கிட்டான். அந்த இடம் உங்களுக்குத்தான்," என்றாள்.

சனிக்கிழமை ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. அவர் ஹாலுக்கு ஓடிவந்து சேர்ந்தபோது மைத்துனன் எல்லாவற்றையும் மேடையில் ஏற்றி, ஆம்பை டிரம்ஸுக்குப் பின்னால் வைத்திருந்தான். "இந்தாங்க," என்று வயரின் முனையைக் கையில் கொடுத்தான்.

அந்த இடம் வந்தது. மற்றவர்கள் அடங்கினார்கள். லிஃப்ட்காரர் முதல் சுரத்தைத் தட்டினார். அது போய், எதிர்ச்சுவரைப் பார்த்துவிட்டு வந்தது போல மெல்லத் திரும்பி வந்தது. இன்னொரு முறையும் வந்தது. அவர் கூரையைப் பார்த்தார். ஹாலின் வேலையா? விரலைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு வாசித்தார். முடிந்தபோது கைதட்டல் எழுந்தது. பல் டாக்டர்கூட வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

மேடையை விட்டு இறங்கியதும், கேட்க வந்திருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவரும் கிடார் கற்றுக்கொள்பவர்.

"சார், அந்த எதிரொலி! என்ன பெடல் போட்டீங்க?"

"பெடலா? எல்லாரும் அந்தத் தப்பைத்தான் பண்றாங்க. எல்லாம் விரல். நான் ரெண்டு பெட்டியையும் சோதிச்சு ஒதுக்கினவன். ஒரு கிடார், ஒரு ஆம்ப், ஒரு வயர். வாங்க, காட்டறேன்."

மேடைக்குப் பின்பக்கமாக அழைத்துப்போனார். ஆம்புக்குப் பின்னால், தரையில், மூன்று குமிழ்ப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார். பிறகு, மரியாதையாக, வேறு எங்கோ பார்த்தார்.

மனைவி படியேறி வந்தாள்.

"இது எப்படி இங்க?" அவர் கிசுகிசுத்தார். "நான் எதையும் தேர்ந்தெடுக்கலையே."

"வாய் சொல்றதை எங்க கடையில பாதிதான் நம்புவோம்," என்று அவளும் கிசுகிசுத்தாள். "அன்னிக்கு இதைப் போட்டப்ப மட்டும் உங்க தோள் இறங்கி, கால் தாளம் போட்டுது. மத்ததுக்கெல்லாம் தோள் காதுகிட்ட நின்னுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா யோசிச்சிருப்பீங்க."

அவர் அதையும் யோசித்துக்கொண்டு நின்றார். அவள் டிபன் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் திரும்பி, மருந்துக்கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஏங்க, வரும்போது உங்க விரலை அணைச்சிட்டு வாங்க. பேட்டரி தீர்ந்துடும்."