லூர்து அத்தை சொல்லாதது

எனக்குத் தாளம் கேட்கும், வார்த்தை கேட்காது. இந்தக் குறையை நான் ஒப்புக்கொள்வதற்கு ஒரு நிச்சயதார்த்தம் கிட்டத்தட்ட நின்றுபோக வேண்டியிருந்தது. (என்னுடையது அல்ல. எனக்கு அப்போது பெண் கொடுக்கிற நிலையில் யாரும் இல்லை.)

செல்போனில் குரலைப் பதியலாம் என்பது எங்கள் ஊரான தங்கச்சிமடத்துக்குப் புதிதாக இருந்த காலம். இராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டுச் சேர்ப்பது என் வேலை. இரண்டு பாட்டை வெட்டி ஒட்டி, அடியில் டிரம்ஸ் ஓடவிட்டால் ரீமிக்ஸ். அப்படி ஏழெட்டு செய்து முடித்ததும், உலகத்துச் சத்தமெல்லாம் நான் வெட்டுவதற்காகவே உண்டானது என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

அப்பாவின் தங்கை லூர்து அத்தை மீன் வியாபாரம் செய்பவள். கரையில் அவள் போடும் சத்தத்துக்குத் தானாகவே ஒரு தாளம் உண்டு. அவள் மகள் ஜெனிட்டாவுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று அத்தையின் குரலிலேயே ஒரு பாட்டுப் போட்டு அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் காலையில் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ப் பதிந்தேன். வீட்டில் யாரிடமோ பூரிப்பாக, "எங்க மாப்பிள்ளை சேவியரு!" என்று சொன்னதையும் பிடித்துவைத்துக்கொண்டேன்.

நிச்சயத்தன்று பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் என் படைப்பு கிளம்பியது. முதலில் டிரம்ஸ். பிறகு அத்தையின் குரல்.

"மாப்பிள்ளை... மாப்பிள்ளை... மாப்பிள்ளை சேவியரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"கண்ணு மங்கிப் போச்சு! கண்ணு மங்கிப் போச்சு! தூக்கிக் கடல்ல போடு! போடு! போடு!"

மாப்பிள்ளை சேவியர் தடிமனான கண்ணாடி போட்டிருப்பார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 'போடு' பன்னிரண்டு முறை வரும். (எண்ணி வைத்தவன் நான்தான். தாளத்துக்கு அழகாக உட்கார்ந்தது.) நான் அணைப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இது ஒங்க கொரலுதானே மதினி?"

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "கொரலு என்னதுதான் மதினி. ஆனா நான் சொல்லல."

"கொரலு ஒங்களது, சொன்னது நீங்க இல்லையா? எம் மகனக் கடல்ல போடச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வரச்சொன்னீக?"

அவர் எழுந்தார். அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள். ஜெனிட்டா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் வெட்டி எறிய முடியவில்லை.

"ஏலே, அந்தப் போன எடு," என்றாள் அத்தை. "நான் பேசுனத, பேசுன மாதிரியே போடு."

மைக்குக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். வெட்டாத பதிவு ஓடியது. காற்று, படகுச் சத்தம், கூடையைத் தூக்கும்போது அத்தை மூச்சு வாங்குவது. அதையெல்லாம் இரைச்சல் என்று நான் கழித்திருந்தேன். பிறகு, "இந்தப் பாறை மீனையா என் தலையில கட்டுற? கண்ணு மங்கிப் போச்சு! தூக்கிக் கடல்ல போடு!" மறுபடி அந்த மூச்சு. அவள் அப்படி மூச்சு வாங்குவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவும் மீன் கூடை சுமந்தவர்; பழைய மீனுக்குத்தான் கண் மங்கும் என்று தெரிந்தவர்.

"ஐஸ்ல எத்தனை நாள் கெடந்ததாம்?"

"நாலு நாள் இருக்கும் மதினி. அன்னைக்குப் புடிச்சதுன்னு படகுக்காரன் சாதிக்கிறான்."

"அப்ப தூக்கித்தான் போடணும்," என்று சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு மோரு ஊத்துங்க," என்றார்.

அத்தை என்னை அடிக்கவில்லை. "என் கொரல எடுக்கையில என்னைய ஒரு வார்த்தை கேட்டியாலே?" என்றாள், அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நான் பையிலிருந்து போனை எடுத்தால் பேச்சு நின்றுவிடும். மாப்பிள்ளை மட்டும், "பேசுங்க அத்தை, என்னைத்தானே கடல்ல போடுவான்," என்பார்.

போன மாதம் அத்தையே என்னைக் கூப்பிட்டாள். கல்யாணமாகி மாப்பிள்ளையோடு வெளிநாடு போன ஜெனிட்டாவுக்கு மீன் குழம்புப் பக்குவத்தை என் போனில் பதிந்து அனுப்ப வேண்டுமாம். சொல்லி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. நடுவே நான்கு இருமல், பக்கத்து வீட்டுக் கோழிக்கு நல்ல வசவு, "புளி எவ்வளவு சொன்னேன்?" என்று என்னிடமே ஒரு கேள்வி.

"எதையாச்சும் வெட்டணுமா அத்தை?" என்று கேட்டேன்.

"கோழியத் திட்டுனது இருக்கட்டும்," என்றாள். "அதக் கேட்டாத்தான் நான்னு நம்புவா."