சுவிஸ் காக்காவின் ஒருநாள் பயணம்

கல்முனைக்குடியை விட்டு அசையாமலே ஐரோப்பாவுக்கு வழி சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர்தான் எனக்குத் தலைமயிர் வெட்டுகிறவர். பஸ்ஸில் அக்கரைப்பற்றைத் தாண்டினாலே அவருக்குத் தலை சுற்றும். வாழ்நாளில் ஒரே ஒரு தரம் கண்டிக்குப் போய் வந்திருக்கிறார். கண்டி எப்படி என்று கேட்டால், “நல்ல ஊர் மனே. கண்ணத் திறந்து பாக்க ஏலாமப் போயிட்டு” என்பார்.

அவருடைய சலூனின் பின்சுவர் கடல் காற்றில் பொருமிப் பொருமி உதிர்ந்துகொண்டிருந்தது. அதை மறைக்கச் சுவர் முழுக்க ஒரு படம் வாங்கி ஒட்டினார். பனி பிடித்த மலை, அதன் காலடியில் ஒரு ஏரி, ஏரிக்கரையில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல் மரவீடுகள், நடுவில் ஊசியாக ஒரு சேர்ச் கோபுரம். மலையும் பனியும் இருந்தால் அது சுவிஸ்தானே? எங்கள் ஊரில் அண்ணன் முறைக்காரரைக் காக்கா என்போம். அன்றிலிருந்து அவர் சுவிஸ் காக்கா. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் மிச்சம்.

ஒரு நாள் ஒலுவில் கெம்பஸில் படிக்கிற பொடியன் ஒருவன் கதிரையில் இருந்தபடியே போனில் தேடி, “காக்கா, இது சுவிஸ் இல்ல. ஆஸ்திரியா” என்றான். சுவிஸ் காக்கா சீப்பை ஒரு உதறு உதறினார்.

“நாடு மாறினா என்ன? ஏரி அந்த இடத்திலதானே இரிக்கி.”

பொடியன் போனை நீட்டினான். அதில் இருந்த படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், “ஊர் சரி. இவன் அங்கால பக்கத்தால நிண்டு எடுத்திருக்கான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினார். அந்தத் தீர்ப்பை அன்றே நாங்கள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அந்த ஊருக்கு ஒருநாள் பயணம் போய் வருவதற்கான முழுத்திட்டமும் அவரிடம் இருந்தது. தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதியும் வைத்திருந்தார். எத்தனையோ வருடமாகத் திருத்தித் திருத்தி எழுதிய கொப்பி. கதிரையில் யார் வந்து இருந்தாலும் திட்டத்தைக் கேட்காமல் இறங்க முடியாது. ஷேவ் எடுக்க வந்தவருக்குப் படகுத்துறை வரைக்கும். முழு வெட்டு என்றால் திரும்பி வரும் வரைக்கும். கதிரையில் இருப்பவருக்குப் படம் முதுகுப் பக்கம், கண்ணாடி முகத்துக்கு நேரே. ஆகவே கத்தரி நுனியால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுத்தான் வழி காட்டுவார்.

“சுபஹு தொழுதுட்டு வெளிக்கிடணும். ரொட்டியும் சம்பலும் கட்டிக்க. அங்க ஹலால் கடை இரிக்கோ என்னமோ தெரியா. ரயிலால இறங்கினா படகு. படகால இறங்கி இடக்கைப் பக்கம் கிறுகு. ஒரு இருநூறு அடி நட. மறுகா திரும்பிப் பார். ஏரி வலக்கைப் பக்கம், மலை இடக்கைப் பக்கம், சேர்ச் நடுவில. இதுதான் அந்த இடம்!”

“லுஹர் எங்க தொழுற காக்கா?”

“மூணாவது ஊட்டு மனுசிக்கிட்ட ஒழுவுக்குத் தண்ணி கேளு. நல்ல மனுசி. ஜன்னலடியில நிக்கிறா, பார்.”

மூன்றாவது வீட்டு ஜன்னலில் தெரிந்தது விரல் நகமளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அது பெண் என்பதும், நல்ல பெண் என்பதும் அவருடைய முடிவு. ஆனால் தொழுகைக்கு முகம் திருப்ப வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் கத்தரியை இறக்கிவிடுவார். “அது போனைப் பாத்துப் புடிச்சிக்க. மார்க்க விசயத்தில நான் கதைக்க மாட்டன்.”

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த சுற்றுலாத்துறைக்கு அவருடைய மகன் ரிஸான் உருவில் சோதனை வந்தது. கட்டாரில் ஐந்து வருடம் உழைத்துவிட்டு வந்த ரிஸான், வாப்பாவோடு கடையில் நின்று சலூனைப் புதுப்பிக்க ஆசைப்பட்டான். கறுப்பு டைல், ஏ.சி., சுழலும் கதிரை. பின்சுவர்ப் படம் முதலில் போக வேண்டும்.

“வாப்பா, அது கொம்பியூட்டர்ல செஞ்ச படம். அப்பிடி ஒரு இடத்தில ஆரும் நடந்து திரிய ஏலா. நீங்க சொல்ற வழியெல்லாம் சும்மா கத.”

படத்தைப் பழையது என்று சொல்லியிருந்தால் சுவிஸ் காக்கா பொறுத்திருப்பார். வழி பிழை என்று சொன்னது நெஞ்சில் குத்திவிட்டது. அந்த நேரம் பார்த்து, பாதி வெட்டிய தலையோடு கதிரையில் இருந்த நான் வாயைக் கொடுத்தேன். வேலை விசயமாக இரண்டு கிழமைப் பயிற்சிக்கு அடுத்த மாதம் ஆஸ்திரியா போகிறேன், ஒரு ஞாயிறு லீவு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கத்தரி நின்றது. கடையில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“ரிஸான், இஞ்ச வா” என்றார் காக்கா. “இவர் போய்ப் பாக்கட்டும். நான் சொன்ன மாதிரியே இரிந்தா படம் இரிக்கும். பிழையெண்டா நானே கிழிச்சுப்போடுறன். ஒரு கத கதைக்க மாட்டன்.”

“ஓம் வாப்பா, சரி” என்றான் ரிஸான்.

ஆக, ஒரு மனிதனின் அத்தனை வருடத்துப் பேச்சும் ஒரு சுவரும் என் தலையில் ஏறிக்கொண்டன. அன்று அவர் வெட்டிய வெட்டில் ஒரு பக்கக் கிருதா மற்றதை விடக் குட்டை. நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டு போன தாளின்படியே சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். காக்கா கட்டளையிட்ட ஸ்வெட்டரையும் போட்டிருந்தேன். ரயில் சரி. படகும் சரி. ஏரியின் நடுவில் வந்து கோபுரத்தைக் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனுசன் வராமலே வந்து பார்த்திருக்கிறாரே! படகால் இறங்கினேன். இடக்கைப் பக்கம் கிறுகினேன். இருநூறு அடி நடந்து, பிஸ்மில்லாஹ் சொல்லித் திரும்பிப் பார்த்தேன்.

பொதுக் கழிப்பறை. அதற்குப் பக்கத்தில் பஸ் தரிப்பிடம்.

தாளைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன். ஒரு சீன நாட்டுக் குடும்பம் என்னிடம் வழி கேட்டது. கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை போலும். வெயில் சுட்டது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சனங்கள் போகிற பக்கமாக, அதாவது வலக்கைப் பக்கமாக, நானும் போனேன். ஒரு வளைவில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன். அதே ஊர், அதே கோபுரம். ஆனால் ஏரி இடக்கைப் பக்கம் கிடந்தது, மலை வலக்கைப் பக்கம் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்முனைக்குடி ஆண்களில் அரைவாசிப் பேருக்கு அவர் இத்தனை வருடமாக அந்த ஊரைக் கண்ணாடிக்குள்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அங்கே ரிஸான் டைலுக்கு அளவெடுத்துக்கொண்டிருப்பான். அஸர் தொழுகைக்குப் பிறகு கடை கூடும், எல்லோரும் என் செய்திக்குக் காத்திருப்பார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். தன் கையாலேயே கிழிப்பார். அதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

என் போனுக்கு ஒரு குணம் உண்டு. செல்ஃபி எடுத்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். அதற்காக அதை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்று முத்தமிடாத குறை. ஊருக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு செல்ஃபி எடுத்தேன். ஏரி வலது, மலை இடது, சேர்ச் நடுவில். “நீங்கள் சொன்னபடியே இருக்கிறது காக்கா” என்று எழுதி அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. பின்னால் கடையே கூவியது. “அல்ஹம்துலில்லாஹ்! ரிஸான், பார்றா! எல்லாரும் பாருங்க!” பிறகு குரலைத் தாழ்த்தி, “ரொட்டி திண்டியா மனே?” என்று கேட்டார்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் சலூனுக்குப் போனேன். ஏ.சி. வந்திருந்தது, கதிரை சுழன்றது. பின்சுவரில் படம் அப்படியே இருந்தது. ஆனால் மேல்மூலையில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது. கடையில் வேறு ஆட்கள் இல்லை. காக்கா என் கழுத்தில் துணியைக் கட்டினார். வெட்டிக்கொண்டே கேட்டார்.

“போட்டோவில உன்ட சேட்டுப் பொக்கட் வலப்பக்க நெஞ்சில கிடந்திச்சே?”

காலை முதல் மாலை வரை கண்ணாடியில் ஆட்களைப் பார்ப்பதே தொழிலாக இருப்பவருக்கு நான் கண்ணாடி வேலை காட்டியிருக்கிறேன்!

“மறுநாத்து ஊட்ட இரிந்து போட்டோவத் திரும்பப் பாக்கக்குள்ளதான் கண்டன். சொன்ன சொல்லுக்குக் கிழிக்கணுமே. அந்த மூலையில புடிச்சு ஒரு இழுவ இழுத்தன். ரிஸான்தான் ஓடிவந்து கையப் புடிச்சான். ‘உடுங்க வாப்பா, ஊர் இரிக்கிதானே, பக்கந்தானே பிழை’ எண்டான். டேப்பும் அவன்தான் ஒட்டின.”

“காக்கா, நான் வேணுமெண்டு பொய் சொல்லல்ல...”

“நீ என்னத்துக்குச் செஞ்ச எண்டு எனக்குத் தெரியும். உடு.” லாச்சியைத் திறந்து சி.ஆர். கொப்பியையும் பேனாவையும் எடுத்தார். “இப்ப சரியாச் சொல்லு. படகால இறங்கி எந்தப் பக்கம்?”

“வலக்கைப் பக்கம்.”

எழுதினார். நான் சொல்லச் சொல்ல எல்லா இடக்கையையும் வலக்கையையும் வெட்டி வெட்டித் திருத்தினார். மூன்றாவது வீடு வந்ததும் பேனா நின்றது.

“அந்த மனுசி?”

“அது துவாய் காக்கா. ஜன்னல்ல காயப்போட்டிரிந்திச்சு.”

கொஞ்சம் யோசித்தார். “துவாயக் காயப்போட்டது ஆரு? அந்த மனுசிதானே” என்று சொல்லி, அந்த வரியை மட்டும் திருத்தாமல் விட்டார்.

போன கிழமை எனக்குக் கொழும்பில் ஒரு வேலை. வழி எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் முதல் நாள் பின்னேரம் சலூனுக்குப் போய், “காக்கா, கொழும்புக்கு எப்பிடிப் போற?” என்று கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் கதிரையை விட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை.