தூசி சாரும் விண்கல் அறையும்

தூசிக்கு ஊரும் பேரும் சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் தூசி சார்தான். விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது ஒலக்கூர் மண்ணு. இது மல்லாட்டைத் தோலு, எவனோ வேர்க்கடலை தின்னுருக்கான். இது நம்ம செல்வம் தலைப் பொடுகு" என்பார். எலக்ட்ரீஷியன் செல்வம் அன்று சாயங்காலமே ஷாம்பு வாங்கினான்.

திண்டிவனத்துக்கு வெளியே இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். விண்கலம் ஒரு விண்கல்லிலிருந்து அள்ளிக்கொண்டு வரப்போகிற கல்லிலும் மண்ணிலும் ஒரு சிட்டிகையைப் பத்திரப்படுத்த அங்கே ஓர் அறை தயாரானது. அந்தக் கல்லுக்கு நம் காற்றே ஆகாதாம். நைட்ரஜன் நிரப்பிய எஃகுப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியோடு பொருத்திய கையுறைக்குள் கைவிட்டுத்தான் தொட வேண்டும். அறைக்குப் பொறுப்பு தூசி சார். சாமான் வாங்கித் தருவது நான். துடைக்கிற துணியில் நூல் பிரிகிறது என்று அவர் திருப்பி அனுப்பி அனுப்பியே, கடைக்காரர்கள் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து முதல் நாள் மல்லிப்பூவோடு போய் நின்றேன். வாசலிலேயே மடக்கினார்.

"இன்னாம்மா, பூவு வச்சிக்கினு வர்றே? நாளைக்கி எவனாவது விண்கல்லுல மல்லி பூக்குதுன்னு பேப்பர்ல எழுதிட்டா, நீயா வந்து பதில் சொல்லுவே?"

பூவுக்கு அப்புறம் பவுடருக்கும் தடை வந்தது. ஆயுத பூஜைக்கு அறைப் பக்கம் கற்பூரமே வரக்கூடாது என்றார். அறையின் சாவியை மட்டும் கார் ஷெட்டுக்கு எடுத்துப்போய்ப் பொட்டு வைத்து, தீபாராதனை காட்டி, அதையும் கழுவித்தான் திரும்பக் கொண்டுவந்தார். இப்படி ஒரு ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அவர் ஓய்வு பெறும் மாதத்தில் தணிக்கை வந்தது. தூசி எண்ணும் மீட்டர் கத்தாமல் இருந்தால் கல் எங்களுக்கு. கத்தினால் வேறு ஊருக்கு. இத்தனை வருஷம் அவர் துடைத்ததெல்லாம் அந்த ஒரு மீட்டரின் கையில் இருந்தது. முடிந்ததும் குரூப் போட்டோ உண்டு என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் போட்டோ என்றால் பவுடர் பூசாமல் யாரும் நிற்க மாட்டோம். ஆனாலும் நானும் செல்வமும் எண்ணெய் வழியும் மூஞ்சியோடுதான் போனோம்.

உள்ளே போனதும் மீட்டர் கத்தியது. சார் செல்வத்தை முறைத்து, "ஜல்தி வெளிய போ" என்றார். போனான். மறுபடி கத்தியது. என்னை அனுப்பினார். நாங்கள் இருவரும் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தோம். இன்னும் கத்தியது. தணிக்கைக்கு வந்த அம்மா மீட்டரை மெதுவாக நகர்த்தி சார் கழுத்தருகே கொண்டுபோனார். அது ஊரைக் கூட்டியது.

சார் வெளியே வந்து, கண்ணை மட்டும் விட்டு மூடியிருந்த தலையுறையைக் கழற்றினார். முகம், கழுத்தெல்லாம் ஒரே வெள்ளை.

"கடைசி போட்டோன்னு வூட்ல அவதான் ஆசையா பூசிவுட்டா" என்றார். "வாணான்னு சொல்ல மனசு வரலம்மா."

ஒரு துணியின் நூலுக்காக ஊரோடு சண்டை போட்ட மனிதர்! எங்களுக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை. அவரே தணிக்கை அம்மாவிடம் போய், "தப்பு ரூம்பு மேல இல்லீங்க, என் மேல. நான் வெளிய நின்னுக்கிறேன். காத்து சுத்தமானதும் திருப்பி எண்ணிப் பாருங்க" என்றார்.

பார்த்தார்கள். நானும் செல்வமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றோம். மீட்டர் வாயே திறக்கவில்லை. அறை தேறிவிட்டது. அங்கேயே போட்டோவும் எடுத்தார்கள். சாரைக் கூப்பிட்டோம், வரமாட்டேன் என்று ஜன்னலுக்கு வெளியே இருந்தபடி தலையாட்டினார்.

கல் இன்னும் வரவில்லை. சார் ஓய்வு பெற்று விழுப்புரத்தில் இருக்கிறார். அந்தப் படம் என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. எங்களுக்குப் பின்னால், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, பவுடர் அப்பிய ஒரு முகம் பல் தெரியச் சிரிக்கிறது. என் வீட்டில் வேறு எதில் தூசி படிந்தாலும் நான் கண்டுகொள்வதில்லை. அந்தப் படத்தை மட்டும், அவர் சொல்லிக் கொடுத்தபடி, நூல் பிரியாத துணியால் தினமும் துடைத்துவிடுகிறேன்.